புது குவில்ட் தொடங்கும் முன் சாம்பிள் பிளாக் தைத்துப் பார்ப்பது அவசியமா?

வெள்ளூசி

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ஒன்பது கட்டம் வைத்து, துண்டுத்துணி சேர்த்துத் தைக்கிற குழந்தைக் குவில்ட் போர்வைகள்தான் தைத்திருக்கிறேன், எல்லாம் நேர்த் தையல். இப்போது முதல் தடவையாக முக்கோணம் வருகிற டிசைனில் கை வைக்கப் போகிறேன். ஒஹாயோ ஸ்டார், அதாவது மூன்றுக்கு மூன்று சதுரத்தில் ஒரு நட்சத்திரம். பிளாக் என்கிற ஒரு கட்டம் 12 இன்ச், அகலத்தில் 5, நீளத்தில் 6, ஆக மொத்தம் 30. பார்டர் இல்லாமலே 60-க்கு 72 இன்ச் வந்துவிடும். பிளாக்குக்கு நடுவில் பட்டை எதுவும் கிடையாது, ஒன்றோடொன்று ஒட்டித்தான் தைக்க வேண்டும்.

நட்சத்திரத்துக்கு நீல தாபு அச்சுத் துணி 2 மீட்டர், பின்னணிக்கு வெள்ளைக் கேம்ப்ரிக் 3 மீட்டர் வைத்திருக்கிறேன். தாபு ஒரு கைவினைக் கண்காட்சியில் வாங்கியது, அதே அச்சு திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. அதனால்தான் கத்தரி வைக்கவே பயமாக இருக்கிறது.

முதலில் ஒன்றிரண்டு பிளாக் தனியாகத் தைத்துப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பழைய வேட்டித் துணியில் தைத்துப் பார்த்தால் போதுமா? இல்லை நேரடியாக இறங்கி, முதலில் வருகிற பிளாக்கையே பழக்கத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாமா? நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

ஜிப்அறுந்தபை

தைத்துப் பாருங்கள். துணியைப் பிறகு ஒட்ட வைக்க முடியாது.

துண்டுராணி

நான் எதிர்க்கட்சி. சாம்பிள் தைக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. சாம்பிள் என்று தைத்தால் பாதி ஆர்வம் அதிலேயே செலவாகிவிடுகிறது, உண்மையான குவில்ட்டுக்கு வரும்போது ஏற்கெனவே பார்த்த படத்தை மறுபடி பார்க்கிற அலுப்பு. கைக்கு டிசைன் பிடிபடுவது எப்படியும் நாலாவது ஐந்தாவது பிளாக்கில்தான். முதல் நாலையும் ஓரத்தில், தலையணைக்கு அடியில் போகிற வரிசையில் வைத்துவிட்டால் யாரும் வந்து ஸ்கேல் வைத்து அளக்கப் போவதில்லை.

நாலுமுழம்

துண்டுராணி மேடம் சொல்கிற வைத்தியம் பட்டை வைத்த குவில்ட்டுக்குச் சரி. இங்கே பிளாக்கும் பிளாக்கும் நேராக ஒட்டுகிறது. ஒஹாயோ ஸ்டாரில் நட்சத்திரத்தின் முனை பிளாக்கின் ஓரத்தில்தான் வந்து முடியும். பக்கத்து பிளாக்கின் முனையும் அதே இடத்தில் வந்து நிற்கும். முனைக்கு முனை முட்ட வேண்டும். ஒன்று கொஞ்சம் சின்னதாக இருந்தால் எந்த ஓரத்தில் ஒளித்து வைத்தாலும் அதன் பக்கத்து பிளாக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

நான் தையல் கடை நடத்தினவன், குவில்ட் பக்கம் வந்தது பின்னால்தான். ஜாக்கெட்டில் அரை நூல் கூடக் குறைய இருந்தால் உடம்பு அதை விழுங்கிக்கொள்ளும். குவில்ட்டுக்கு அந்த இரக்கம் கிடையாது. கணக்கைப் பாருங்கள். நூல் என்பது எங்கள் கடை அளவு, இன்சுக்கு எட்டு நூல். தையலுக்கு ஓரத்தில் கால் இன்ச் பிடிக்க வேண்டிய இடத்தில் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துணியிலும் அரை அரை, ஆக ஒரு தையலுக்கு ஒரு நூல் காலி. உங்கள் குவில்ட்டின் அகலத்தில் 15 துண்டு, 14 தையல். 14 நூல் என்றால் ஒன்றே முக்கால் இன்ச். அந்த அரை நூலைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பிளாக்கைத் தைத்து முடித்து அளந்தால்தான் தெரியும்.

கிராஃப்பேப்பர்

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாத் துண்டும் ஒரே மாதிரி குறைந்தாலாவது பிளாக் கொஞ்சம் சின்னதாக, ஆனால் ஒழுங்காக இருக்கும். ஒஹாயோ ஸ்டாரில் அப்படிக் குறையாது. நாலு மூலையும் நடுவும் வெறும் சதுரம், நாலரை இன்ச்சில் வெட்டி வைத்தால் நாலரைதான். மற்ற நாலும் நான்கு முக்கோணம் சேர்ந்த சதுரம், அதில் குறுக்கே இரண்டு தையல் ஓடுகிறது. அதே அரை நூல் கூடுதலாகப் போனால் அந்தச் சதுரம் நாலரைக்கு ஒரு நூலுக்கு மேலேயே குறைந்து வரும். குறைந்ததையும் குறையாததையும் பக்கத்தில் வைத்து இழுத்துத் தைத்தால் பிளாக் நடுவில் உப்பிக்கொள்ளும்.

துணி வீணாகுமே என்ற கவலைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 44 இன்ச் அகலத் துணி, பயன்படுகிற அகலம் 42 என்று வைத்துக்கொண்டேன். நட்சத்திரத்தின் முக்கோணங்களுக்கு 5¼ இன்ச் சதுரம் பிளாக்குக்கு இரண்டு, ஆக 60. துணியின் அகலம் முழுக்க வெட்டுகிற பட்டையாக அது 8 பட்டை, 42 இன்ச் நீளம். நடுச் சதுரம் நாலரை இன்ச்சில் 30, அது 4 பட்டை, 18 இன்ச். ஆக 60 இன்ச், ஒன்றரை மீட்டரும் இரண்டு சென்டிமீட்டரும். உங்களிடம் 2 மீட்டர் இருக்கிறது. வெள்ளையில் சுமார் 2.7 மீட்டர் போகும், 3 மீட்டர் இருக்கிறது. ஒரு சாம்பிள் பிளாக்குக்கு இரண்டிலும் ஐந்தேகால் இன்ச் பட்டை ஒவ்வொன்று வெட்டினால் போதும், அதிலும் மிச்சம் வரும். பயப்பட வேண்டிய அளவே இல்லை, ஆனால் துவைத்தால் சுருங்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

மேப்பிள் அக்கா

தங்கச்சி, நான் கனடா ஸ்காபரோவில் இருந்து எழுதுறன். இஞ்ச எங்கட குவில்ட் குழுவில் ஒரு வழக்கம் இருக்கு. ஆரும் புதுசா ஒரு டிசைன் எடுத்தால் முதல் பிளாக்கைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேணும், எல்லாரும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பினம். முன்பக்கம் பொய் சொல்லும், பின்பக்கம் சொல்லாது.

பழைய வேட்டித் துணியைப் பற்றிக் கேட்டீங்கள். வேண்டாம். வேட்டி மெல்லிசு, கன தரம் தோய்ச்சு இழை தளர்ந்திருக்கும், மெஷினில் துணியை நகர்த்துற பல்லில் வேற மாதிரி நகரும், அயன் பண்ணினால் வேற மாதிரி மடியும். அதில் பழகினால் வேட்டியில் தைக்கப் பழகுவீங்கள், அவ்வளவுதான். முக்கோணத்தை எப்படி வெட்டுறது, எது எதோட சேருது எண்ட ஒழுங்கு பிடிபடுறதுக்கு எந்தத் துணியும் போதும். அளவு சரியா வருதோ எண்டு பார்க்க நீங்கள் பாவிக்கப்போற அதே துணி, அதே நூல், அதே ஊசி, அதே மெஷின்தான் வேணும். நூலின்ட தடிப்புக் கூட அளவை மாத்தும். நான் 50 நம்பர் பருத்தி நூல்தான் பாவிக்கிறன், தையல் நீளம் 2-க்கும் 2.5-க்கும் இடையில் வைப்பன்.

இன்னொண்டு. முக்கோணத்தின் சரிஞ்ச பக்கம் இழுத்தால் நீளும். வெட்டுறதுக்கு முதல் துணிக்கு நல்லாக் கஞ்சி போட்டு அயன் பண்ணுங்கோ, கடதாசி மாதிரி நிக்க வேணும். சாம்பிளுக்குக் கஞ்சி போடாமல் தைச்சுப்போட்டு உண்மையான பிளாக்குக்குக் கஞ்சி போட்டால் இரண்டும் வேற வேற அளவு வரும்.

வெள்ளூசி

அக்கா, அண்ணா, கிராஃப்பேப்பர் தம்பி (தம்பிதானே?), மூவருக்கும் நன்றி. கஞ்சி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

என்னிடம் இருப்பது பழைய கறுப்பு மெஷின், கால் மிதி, நேர்த் தையல் மட்டும். கால் இன்ச் ஃபுட் எதுவும் அதோடு வரவில்லை, ஃபுட்டின் ஓரம் கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் உள்ளேயே முடிகிறது. இதில் கால் இன்ச்சை எப்படிப் பிடிப்பது?

நாலுமுழம்

அந்த மெஷினை மாற்றி விடாதீர்கள், குவில்ட்டுக்கு அதைவிட நல்ல மெஷின் கிடையாது. ஊசித்தட்டில் ஒற்றைத் துளைதான் இருக்கும், முக்கோணத்தின் கூர் நுனியை உள்ளே இழுத்துத் தின்னாது. ஜிக்ஜாக் மெஷின் வைத்திருப்பவர்கள்தான் அகலத் துளையோடு போராடுகிறார்கள்.

கால் இன்ச்சுக்கு: நீங்கள் துணி வெட்டுகிற அதே ரூலரை எடுங்கள், வேறு ஸ்கேல் வேண்டாம், ஸ்கேலுக்கு ஸ்கேல் கோட்டின் தடிமன் மாறும். ஃபுட்டுக்கு அடியில் ரூலரை வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இறக்குங்கள். ஊசி முனை கால் இன்ச் கோட்டின் மேல் பட்டும் படாமலும் உட்கார வேண்டும், ரூலரின் ஓரம் உங்களுக்கு வலது பக்கம். ஃபுட்டை மெதுவாக இறக்கி ரூலரைப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கு ஒட்டினால் துணி முட்டி நிற்க ஒரு சின்னச் சுவர் கிடைக்கும். டேப் மெஷினின் பல்லை மறைக்கக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராஃப்பேப்பர்

தம்பிதான் :)

டேப் ஒட்டியதும் உடனே பிளாக்குக்குப் போகாமல் ஒரு சின்னச் சோதனை. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை, நாலைந்து இன்ச் நீளம் போதும். மூன்றையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தையுங்கள், இஸ்திரி போடுங்கள், நடுப் பட்டையின் அகலத்தை அளங்கள். சரியாக ஒரு இன்ச் வர வேண்டும், மொத்த அகலம் மூன்றரை. நடுப்பட்டை ஒரு இன்ச்சுக்குக் குறைந்தால் நீங்கள் அதிகமாகப் பிடிக்கிறீர்கள், டேப்பை ஊசிப் பக்கம் துளி நகர்த்துங்கள். கூடினால் ஊசியை விட்டுத் தள்ளி நகர்த்துங்கள்.

இதிலேயே ஒன்று தெரிந்துவிடும். சரியாகக் கால் இன்ச்சில் தைத்தாலும் நடுப்பட்டை ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் துணி மடிகிற இடத்திலும் நூலின் தடிமனிலும் கொஞ்சம் போய்விடுகிறது. அதனால்தான் ‘கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவாகப் பிடி’ என்கிறார்கள். அந்த மயிரிழை எவ்வளவு என்பது துணிக்குத் துணி மாறும்.

துண்டுராணி

இதையெல்லாம் படிக்கும்போது நான் ஏன் நேர்க்கோடு தைப்பதை விட்டேன் என்பது நன்றாக ஞாபகம் வருகிறது!

சண்டை போடவில்லை, ஆனால் இன்னொரு பக்கமும் இங்கே பதிவாகட்டும். கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்கிற துண்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். பிளாக்கும் கிடையாது, சாம்பிளும் கிடையாது, ரூலரும் கிடையாது. அடித்துணியாக ஒரு பழைய புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுத்துணியின் ஓரத்தை மடித்து வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே ஓரமாகச் சுற்றி வந்து, சுற்றிச் சுற்றி நடுவில் முடிக்கிறார்கள். துண்டுகளைச் சேர்ப்பதும் அடுக்குகளைப் பிடித்துத் தைப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகிறது. நாலு மூலையிலும் பூ மாதிரி மடித்து வைத்த துணி, அது இல்லாமல் போர்வை முடிந்ததாகவே கணக்கில்லை. அடுத்த துண்டு என்ன நிறம் என்பதை முந்தைய துண்டைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்தவை 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. அவர்கள் யாரும் மூன்று பட்டை தைத்து அளந்து பார்த்ததாக நான் படிக்கவில்லை.

பாபின்பாட்டி

ராணி, நீ சொல்வது உண்மைதான், ஆனால் அரை உண்மை. ஜீஸ் பெண்டில் ஒரு சதுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பட்டை வைக்கிற கூரை டிசைனை ஒரே பெண் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பத் தைத்திருக்கிறாள், தாயிடம் பார்த்து மகளும். கவந்தியிலும் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி கோத்துக் கொடுத்தே சின்னப் பெண் பழகிவிடுகிறாள். பழக்கம் வீட்டிலேயே நடந்துவிட்டது, அதற்கென்று தனியாக பிளாக் எதற்கு? நம்ம வெள்ளூசிக்கு அப்படிப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை, அதனால் இங்கே வந்து கேட்கிறாள்.

தனி பிளாக் தைத்து வைக்கிற வழக்கம் புதிதும் இல்லை. அச்சடித்த பேட்டர்ன் கைக்கு வராத காலத்தில் அமெரிக்கப் பெண்கள் ஒரு டிசைனை எங்கேயாவது பார்த்தால் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு பிளாக் தைத்துப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். அதுதான் அவர்களுக்குக் குறிப்பேடு. கான்சாஸில் கேரி ஹால் என்று ஒரு அம்மா, தொழில் உடை தைப்பது, தெரிந்த டிசைன் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பிளாக் என்று தைக்க ஆரம்பித்து 800-க்கும் மேல் தைத்துவிட்டார். 1935-ல் அதை வைத்துப் புத்தகமே வந்தது. அந்த பிளாக்குகள் இப்போது கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஸ்பென்சர் கலைக்கூடத்தில் இருக்கின்றன. குவில்ட்டாகச் சேர்க்கவே சேர்க்காத பிளாக்குகள், யோசித்துப் பார்.

அதற்காக எல்லாவற்றுக்கும் சாம்பிள் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜேன் ஸ்டிக்கிள் 1863-ல் முடித்த குவில்ட்டில் 169 பிளாக், ஒவ்வொன்றும் ஐந்து இன்ச் போல, ஒன்று போல் ஒன்று இல்லை. மூலையில் ‘போர்க்காலத்தில்’ என்று எழுதி, துண்டுகள் 5602 என்று கணக்கும் ஊசியாலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்த மாதிரி ஒவ்வொரு பிளாக்கும் வேறாக இருக்கிற குவில்ட்டுக்கு எதைச் சாம்பிள் தைப்பாய்? அங்கே ஒவ்வொன்றும் முதலும் கடைசியும் தான். ஒரே பிளாக் 30 தடவை வரும்போதுதான் சாம்பிளுக்குப் பயன், ஏனென்றால் அதில் இருக்கிற குறையும் 30 தடவை வரும்.

துண்டுராணி

பாட்டி சொன்னால் மறுபேச்சு உண்டா. சரி, 30 ஒரே மாதிரி என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் 30 ஒரே மாதிரி தைக்கிறவர்கள் மேல் எனக்கு இரக்கம்தான்.

மேப்பிள் அக்கா

ஒரு முக்கியமான விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு பிளாக் தைச்சால் காணாது. இரண்டு தையுங்கோ, தைச்சு ரெண்டையும் பக்கத்துப் பக்கமா சேருங்கோ. தனிய ஒரு பிளாக்கைப் பார்த்தால் எல்லாம் வடிவாத்தான் இருக்கும். சேர்க்கிற இடத்தில்தான் முனை முட்டுதோ, ஒண்டு மேல ஒண்டு கீழ நிக்குதோ எண்டு தெரியும்.

கிராஃப்பேப்பர்

அக்கா சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான யோசனை என்று நினைக்கிறேன். 5-க்கு 6 அடுக்கில் பிளாக்கும் பிளாக்கும் சேரும் ஓரங்கள் 49. ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு இடத்தில் முனைக்கு முனை வரும், ஆக 98 இடம். ஒரு பிளாக் மட்டும் தைத்துப் பார்த்தால் இந்த 98-ல் ஒன்றைக்கூட நீங்கள் சோதிக்கவில்லை.

நாலுமுழம்

ஆமாம். முனைக்கும் வெட்டின ஓரத்துக்கும் நடுவில் சரியாகக் கால் இன்ச் துணி நிற்க வேண்டும். முனை ஓரத்தையே தொட்டு நின்றால் அடுத்த தையல் அதை விழுங்கி நட்சத்திரம் மொட்டையாகிவிடும். அதனால் முக்கோணச் சதுரத்தை 5¼ சதுரத்திலிருந்து தொடங்காமல் ஐந்தரையில் தொடங்கிக் கொஞ்சம் பெரிதாகத் தைத்துக்கொண்டு பிறகு நாலரைக்கு வெட்டித் திருத்துங்கள். ரூலரின் இரண்டேகால் கோடு இரண்டும் சந்திக்கும் புள்ளியை நாலு முக்கோணமும் சேரும் நடுவில் வையுங்கள், 45 டிகிரி கோடு தையல் மேலேயே ஓட வேண்டும். இரண்டு பக்கம் வெட்டி, திருப்பி வைத்து மற்ற இரண்டு பக்கம். மூலையிலிருந்து அளந்து வெட்டினால் நடு நகர்ந்துவிடும்.

துணி கொஞ்சம் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். 42 இன்ச் அகலத்தில் ஐந்தரைச் சதுரம் 7 தான் வரும், எட்டு வராது.

கிராஃப்பேப்பர்

அப்படியானால் 60 சதுரத்துக்கு 9 பட்டை, 49½ இன்ச். நடுச் சதுரம் 18 சேர்த்தால் 67½ இன்ச், 1.71 மீட்டர் போல. தாபு 2 மீட்டரில் அடங்கும், சாம்பிள் இரண்டுக்கும் இடம் இருக்கும். வெள்ளையில் 112½ இன்ச், 2.86 மீட்டர். மூன்று மீட்டர் துவைத்துச் சுருங்கினால் இழுபறிதான். வெள்ளை கேம்ப்ரிக் எப்போதும் கிடைக்கிற சரக்கு, அரை மீட்டர் கூட வாங்கி ஒன்றாகவே துவைத்துவிடுங்கள்.

சாயப்பட்டறை

துவைப்பது என்றதும் ஓடி வந்தேன். தாபு என்றால் சேற்றை அச்சாக வைத்து அவுரியில் முக்குவது. அவுரி துணியின் மேல் படிந்து நிற்கிற சாயம், ஈரத்தில் கரைந்து ஓடுவதைவிட உரசலில் உதிர்வது அதிகம். அதன் பக்கத்தில் வெள்ளை வேறு. உப்பு போடு, வினிகர் போடு என்று சொல்வார்கள், அதனால் சாயம் நிற்காது. தனியாகத் தண்ணீர் தெளியும் வரை துவையுங்கள். காய்ந்த பிறகு ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அதன் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நீலம் ஏறினால் மறுபடி துவைக்க வேண்டும்.

சாம்பிள் பிளாக்கை அளந்து முடித்ததும் பெட்டியில் வைக்காதீர்கள். பின்னால் பேட்டிங்கும் (நடுவில் வைக்கிற பஞ்சு அடுக்கு) அடித்துணியும் வைத்து நாலு கோடு தைத்து, வீட்டில் வழக்கமாகத் துவைக்கிற மாதிரியே மெஷினில் போடுங்கள். வெள்ளை வெள்ளையாகவே வருகிறதா என்பதும், பருத்திப் பேட்டிங் எவ்வளவு சுருங்கிக் குவில்ட்டைச் சுருக்கமாக்குகிறது என்பதும் ஒரே துவைப்பில் தெரியும்.

பஞ்சுமிட்டாய்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் டிரங்கர்ட்ஸ் பாத் தைக்கலாம் என்று இருக்கிறேன், கால்வட்டம் வருகிற டிசைன். அதற்கும் இதே மாதிரி இரண்டு பிளாக் போதுமா?

பாபின்பாட்டி

போதாது கண்ணு. வளைவுக்கு அளவு மட்டும் பிரச்சினை இல்லை, கையே பழக வேண்டும். அதற்கு மட்டும் நான் துண்டுத்துணியில் பழகச் சொல்வேன், ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து கை தானாகப் போகும் வரை தை. குழிந்த துண்டையும் குவிந்த துண்டையும் இரண்டாக மடித்து நடுவில் நகத்தால் கீறிக்கொள். குழிந்ததை மேலே வைத்து, நடுவில் ஒரு குண்டூசி, இரண்டு நுனியிலும் ஒவ்வொன்று. மேல்துணியை விரல் நுனியால் தடவித் தடவி, கீழ்த்துணியின் ஓரத்தோடு சேர்த்துக்கொண்டே போ. இழுத்தாயோ, கொசுவம் விழும். மெதுவாகத் தைத்தால் ஓரத்தை வெட்டிக் கீறிவிட வேண்டிய அவசியம்கூட இல்லை. மீதியைத் தனி இழையாகக் கேள், இங்கே நட்சத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளூசி

தைத்துவிட்டேன்! துவைத்து, கஞ்சி போட்டு, டேப் ஒட்டி, அதே துணியில் இரண்டு பிளாக். முக்கோணச் சதுரங்களை அண்ணன் சொன்னபடி நாலரைக்குத் திருத்தினேன், அவை அச்சாக வந்தன. ஆனால் முடிந்த பிளாக் சுற்றிலும் தையல் ஓரத்தோடு 12½ வர வேண்டியது 12⅜ தான் வருகிறது, இரண்டுமே. சேர்த்த இடத்தில் ஒரு முனை சரியாக முட்டுகிறது, இன்னொன்று விலகி நிற்கிறது. மூன்று பட்டைச் சோதனையில் நடுப்பட்டை ஒரு இன்ச் மாதிரிதான் தெரிந்தது. எங்கே போனது அந்த ஒரு நூல்?

நாலுமுழம்

நல்ல செய்தி இது. இரண்டுமே ஒரே மாதிரி குறைந்திருப்பதால் உங்கள் கை சீராக இருக்கிறது. ஒரு வரிசைக்கு இரண்டு தையல், மொத்தம் ஒரு நூல், அப்படியானால் தையலுக்கு அரை நூல், ஒரு பக்கத்துக்குக் கால் நூல். ‘ஒரு இன்ச் மாதிரி’ என்று நீங்கள் பார்த்ததில் அது ஒளிந்திருக்கும். டேப்பை ஊசிப் பக்கம் இரண்டு இழை நகர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மேப்பிள் அக்கா

நகர்த்த முதல் பிளாக்கைத் திருப்பிப் பாருங்கோ. தையலை ஒரு பக்கமா மடிச்சு அயன் பண்ணின இடத்தில், முன்பக்கம் துணி முழுக்க விரிஞ்சிருக்கோ, இல்லாட்டி தையலுக்கு மேல சின்ன மடிப்பு நிக்குதோ? கன பேருக்கு அளவு போறது அங்கதான். அயன் பெட்டியை இழுக்காமல், முதல் தையல் கோட்டிலேயே மூடின மாதிரி வைச்சு எடுங்கோ, பிறகு துணியைத் திறந்து முன்பக்கமா வைச்சு எடுங்கோ.

முனை விலகினதுக்குக் காரணம் மடிப்பின் திசையாவும் இருக்கலாம். மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் தையலை மூலைச் சதுரத்தின் பக்கம் மடியுங்கோ, நடு வரிசையில் நடுச் சதுரத்தின் பக்கம். அப்ப வரிசை சேரும்போது மடிப்புகள் எதிர் எதிரா வந்து ஒண்டையொண்டு பூட்டிக்கொள்ளும், நகராது. பிளாக்குக்கும் பிளாக்குக்கும் இடையில் அப்படிப் பூட்டாது, அங்க முனையில் ஊசியைக் குத்தி அடுத்த பிளாக்கின் முனையால் வெளியில எடுத்து, நேரா நிக்கும்போது ரெண்டு பக்கமும் குண்டூசி போடுங்கோ.

வெள்ளூசி

திருப்பிப் பார்த்தேன் அக்கா. நீங்கள் சொன்ன மடிப்பு இருக்கிறது, வெள்ளைத் துணிப் பக்கம் மட்டும். மறுபடி இஸ்திரி போட்டதில் பாதி திரும்பி வந்தது. மீதிக்கு டேப்பை நகர்த்தி, மூன்று பட்டையை மறுபடி தைத்து, இந்தத் தடவை ‘மாதிரி’ என்று விடாமல் நூல் கணக்கில் பார்த்தேன். அடுத்த ஜோடி 12½ வந்துவிட்டது, இரண்டு முனையும் முட்டுகின்றன.

இப்போது முதலில் தைத்த ஜோடியை என்ன செய்வது? குவில்ட்டில் சேர்க்க மனசு வருகிறது, அளவுதான் இடிக்கிறது.

துண்டுராணி

என்னிடம் அனுப்பிவிடுங்கள், அளக்காமல் தைத்துக்கொள்கிறேன்.

சாயப்பட்டறை

சேர்க்காதீர்கள். ஒன்றைத் துவைப்புச் சோதனைக்குப் போடுங்கள். இன்னொன்றில் பேட்டிங் வைத்து, குவில்ட்டிங் தையலுக்கு நூல் இறுக்கம் சரியா என்று பாருங்கள். மூன்று அடுக்கில் ஓடும்போது பாபின் நூல் மேலே எட்டிப் பார்க்கும், அதை முழுக் குவில்ட்டில் கண்டுபிடிப்பதைவிட இதில் கண்டுபிடிப்பது மேல். அதன் ஓரத்திலேயே தையல் நீளம், எந்த ஊசி, டேப் எங்கே என்று மார்க்கரில் எழுதி வையுங்கள்.

நாலுமுழம்

டேப் ஒட்டிய இடத்தில் மெஷின் தட்டிலேயே ஒரு சின்னக் கோடு கீறி வையுங்கள். பாபின் மாட்டத் தட்டை நகர்த்தும்போது டேப் நகரும், யாராவது நடுவில் தலையணை உறை தைக்க உட்கார்ந்தால் பிய்த்தே போட்டுவிடுவார்கள். ரோட்டரி கட்டருக்கு (உருட்டி வெட்டுகிற வட்டக் கத்தி) புது பிளேடு போட்டுவிட்டு வெட்டத் தொடங்குங்கள். 30 பிளாக்குக்கும் ஒரே மூச்சில் வெட்டாமல், ஒரு வரிசைக்கு ஐந்து வெட்டி, தைத்து, அளந்த பிறகு அடுத்த வரிசைக்கு வெட்டுங்கள்.

வெள்ளூசி

கோடு கீறியாயிற்று அண்ணா. வெள்ளை அரை மீட்டரும் வாங்கித் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். முதல் ஐந்து முடிந்ததும் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் போடுகிறேன், மேப்பிள் அக்காவுக்காக.